பழைய கார் ஜிபிஎஸ்ஸில் ஸ்பீடு கேமரா எச்சரிக்கை வைப்பது எப்படி?

கேள்வி இதுதான். கைமாறி வந்த ஒரு கார்மின் ஜிபிஎஸ் சாதனம். வழி சரியாகச் சொல்கிறது. ஸ்பீடு கேமரா வந்தால் மட்டும் வாய் திறப்பதில்லை. இணையத்தில் கிடைத்த கேமரா பட்டியல் ஒன்றை இறக்கி, யுஎஸ்பி வயர் மாட்டி, சாதனத்துக்குள் காப்பி செய்தும் ஆயிற்று. ஒரு சத்தமும் இல்லை. எங்கே தப்பு, எப்படிச் சரிசெய்வது?

காப்பி செய்ததில்தான் சிக்கல். நீங்கள் இறக்கியது சிஎஸ்வி ஃபைல். வெறும் எழுத்தும் எண்ணும் காற்புள்ளியும்தான். நோட்பேடில் திறந்தால் நாமே படிக்கலாம். ஆனால் கார்மின் சாதனம் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாது. ஜிபிஐ என்ற வடிவத்துக்கு மாற்றி, சாதனத்தில் ‘கார்மின்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘பிஓஐ’ ஃபோல்டரில் போய் உட்கார்ந்தால்தான் அதற்குப் புரியும். மாற்றுவதற்கு கார்மினே பிஓஐ லோடர் என்ற மென்பொருளை இலவசமாகத் தருகிறது. விண்டோஸுக்கும் உண்டு, மேக்குக்கும் உண்டு. பிஓஐ என்றால் வரைபடத்தில் நாம் குறித்து வைக்கும் ஓர் இடம், அவ்வளவுதான். பெட்ரோல் பங்க்கும் பிஓஐ, பள்ளிக்கூடமும் பிஓஐ, கேமராவும் பிஓஐ.

இதை மட்டும் செய்தால் நாளைக்கே சத்தம் வந்துவிடும். அப்புறம் அடுத்த வாரம் இன்னொரு கேள்வியோடு வருவீர்கள்: ‘கத்திக்கொண்டே இருக்கிறது, எப்படி நிறுத்துவது?’ நான் பார்த்தவரை, ஆசையாக எச்சரிக்கை வைத்த பலரும் கடைசியில் எரிச்சலில் மொத்தத்தையும் அணைத்துவிடுகிறார்கள். எதிர்ப்புறச் சாலைக் கேமராவுக்கு ஒரு முறை, மேம்பாலத்துக்குக் கீழே உள்ளதற்கு ஒரு முறை, நாற்பதில் ஊர்ந்து போகும்போது ஒரு முறை என்று அடித்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? அதனால் எப்போது அடிக்க வேண்டும் என்பதை விட, எப்போது அடிக்கக் கூடாது என்பதைப் பற்றித்தான் கீழே அதிகம் சொல்லியிருக்கிறேன்.

முதலில் ஒன்று தெளிவாகட்டும். இந்தக் கருவிக்குக் கண் கிடையாது. கேமராவிலிருந்து வரும் எதையும் அது உணர்வதில்லை. அதனிடம் ஒரு பட்டியல் இருக்கிறது: இன்ன தீர்க்கரேகை, இன்ன அட்சரேகை, இன்ன வேக வரம்பு. செயற்கைக்கோள் வழியாகத் தன் இடத்தை நொடிக்கு நொடி கணக்கிட்டு, பட்டியலில் உள்ள ஏதாவது புள்ளி நெருங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வருகிறது. ரேடார் டிடெக்டர் என்று விற்கிறார்களே, அது வேறு ஜாதி. அது ரேடார் அலையையே பிடிக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம், சட்டமும் இரண்டையும் ஒன்றாக நடத்துவதில்லை. அமெரிக்காவின் விர்ஜினியா மாநிலத்தில் ரேடார் டிடெக்டருக்குத் தடை உண்டு, ஜிபிஎஸ் பட்டியலுக்கு இல்லை.

சட்டத்தைப் பற்றிய பேச்சு வந்துவிட்டதால் அதையும் முடித்துவிடுகிறேன். வண்டி ஓட்டும் நாட்டில் இது அனுமதிக்கப்பட்டதா என்று கட்டாயம் பாருங்கள்; எல்லை தாண்டி ஓட்டுகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். பிரிட்டனில் கேமரா பட்டியல் வைத்திருப்பது குற்றமில்லை. ஜெர்மனியில் ஓட்டுநர் இந்த வசதியைப் பயன்படுத்தக் கூடாது. பிடிபட்டால் 75 யூரோ அபராதம், ஓட்டுநர் கணக்கில் ஒரு கெட்ட புள்ளி. ‘எச்சரித்தது என் போன் இல்லை, பக்கத்து சீட்டில் இருப்பவருடைய போன்’ என்ற சமாதானமும் 2023-இல் கார்ல்ஸ்ரூஹே மேல்நிலை நீதிமன்றத்தில் எடுபடவில்லை. சுவிட்சர்லாந்து இன்னும் கறார், கருவியையே பறிமுதல் செய்து அழித்துவிட முடியும். பிரான்ஸில் 2012 தொடக்கத்திலிருந்து கேமரா இருக்கும் துல்லியமான இடத்தைக் காட்டுவதற்குத் தடை. அதனால் சாதன நிறுவனங்கள் அங்கே ‘ஆபத்துப் பகுதி’ என்று ஒரு நீளத்தைக் காட்டுகின்றன: மோட்டார்வேயில் 4 கிலோமீட்டர், ஊருக்கு வெளியே 2 கிலோமீட்டர், ஊருக்குள் 300 மீட்டர். அங்கே ஓட்டும்போது சாதனம் கேமரா என்று சொல்லாமல் பகுதி என்று சொன்னால் பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். புதிதாக எதையும் ஏற்றும் முன் சாதனத்தில் ஏற்கெனவே கேமரா பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். அமைப்புகளில் ‘ஓட்டுநர் உதவி’ போன்ற பிரிவுக்குள் எச்சரிக்கைகள் இருக்கும். பழைய மாடல்களில் இடம் கொஞ்சம் மாறும். அங்கே அணைந்திருந்தால் ‘ஆன்’ செய்துவிட்டாலே போதும், பாதிப் பேருடைய பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும். இன்னொன்று: பெட்டியில் ‘வாழ்நாள் மேப் அப்டேட்’ என்று போட்டிருந்தால் கேமரா தகவலும் அதில் அடக்கம் என்று நினைக்க வேண்டாம். பல சாதனங்களில் வரைபடம் தனி, கேமரா பட்டியல் தனி, அதற்குச் சந்தாவும் தனி. உள்ளே இருக்கும் பட்டியல் ஐந்தாறு வருஷம் பழையதாக இருந்தால் அதை அணைத்துவிட்டு உங்கள் பட்டியலை மட்டும் ஏற்றுங்கள். இரண்டும் ஓடினால் ஒரே கேமராவுக்கு இரண்டு தடவை அடிக்கும், அதுவும் ஐம்பது மீட்டர் இடைவெளி விட்டு.

இனி அந்த சிஎஸ்வி ஃபைல். இதில்தான் ஆட்கள் அதிகம் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு வரி இப்படி இருக்கும்:

2.29450,48.85840,"சோதனை@50"

முதலில் தீர்க்கரேகை, அடுத்து அட்சரேகை, அப்புறம் பெயர். நாம் போனிலோ கணினி வரைபடத்திலோ ஒரு புள்ளியைத் தொட்டால் வருவது இதற்கு நேர்மாறான வரிசை: அட்சரேகை முதலில். அதை அப்படியே ஒட்டினால் என்ன ஆகும்? மேலே கொடுத்த எண்கள் பாரிஸில் ஈஃபிள் கோபுரம் நிற்கும் இடம். இரண்டையும் மாற்றிப் போட்டால் புள்ளி சோமாலியாக் கரைக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் போய் விழும். லோடர் இதைத் தப்பு என்று சொல்லாது. அதன் கண்ணுக்கு இதுவும் செல்லுபடியாகும் ஓர் இடம்தான். கடலுக்குள் கார் ஓட்டும்போது சரியாக எச்சரிக்கும்.

அடுத்தது தசமத்துக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பது. ஐந்து இலக்கம் இருந்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் துல்லியம். மூன்று இருந்தால் நூறு மீட்டர் சொச்சம். இரண்டே இருந்தால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே ஒரு கிலோமீட்டருக்கு மேல். இதை நான் பட்டுத்தான் கற்றேன். பட்டியலில் ஒரு பெயரைத் திருத்த விரிதாள் மென்பொருளில் ஃபைலைத் திறந்தேன். எண் வடிவம் இரண்டு தசமத்துக்கு அமைந்திருந்ததால் எண்கள் சுருக்கமாக, அழகாகத் தெரிந்தன. அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தேன். திரையில் தெரிந்ததைத்தான் அது எழுதியது, மீதி இலக்கங்கள் போயே போயின. மறுநாள் ஆளில்லாத வயல்வெளியில் மணி அடித்தது, கேமராவுக்கு எதிரில் கப்சிப். அன்றிலிருந்து திருத்தம் என்றால் நோட்பேடு மட்டும்தான். சில கணினிகளில் மொழி அமைப்பின் காரணமாக தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி விழும் தொல்லையும் உண்டு. நோட்பேடில் பார்த்தால் அதுவும் உடனே தெரிந்துவிடும். நான் மேலே புரிவதற்காகத் தமிழில் பெயர் வைத்தேன். நீங்கள் ஆங்கில எழுத்திலேயே வையுங்கள், பழைய சாதனத்தில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிய வாய்ப்பு அதிகம்.

பெயரின் கடைசியில் இருக்கும் @50 அலங்காரம் அல்ல. லோடர் அதை வேக வரம்பாக எடுத்துக்கொள்கிறது: 50-ஐத் தாண்டி வந்தால் மட்டும் எச்சரி என்று அர்த்தம். சத்தத்தை அடக்குவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வரம்புக்குள் போகிற ஆளிடம் கேமரா இருக்கிறது என்று சொல்லி என்ன பயன்? இறக்கிய பட்டியலில் இந்தக் குறி இல்லாவிட்டால், கேமராக்களை வேக வரம்புவாரியாகத் தனித்தனி ஃபைலாகப் பிரித்து, ஐம்பது உள்ளவை ஒரு ஃபைல், எண்பது உள்ளவை ஒரு ஃபைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். லோடரில் கையால் அமைக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு ஃபைலுக்கும் வேகமும் தூரமும் தனியாகக் கேட்கும்.

லோடர் அலகையும் கேட்கும்: கிலோமீட்டரா, மைலா? அவசரத்தில் மைலை விட்டுவிட்டால் 60 என்று நீங்கள் எழுதியது மணிக்கு 97 கிலோமீட்டர் ஆகிவிடும். எழுபதில், எண்பதில், தொண்ணூறில் போனாலும் கருவி அமைதியாக இருக்கும். அமைதியாக இருப்பதால் எல்லாம் சரி என்று நாமும் நம்பிக்கொண்டிருப்போம். தொந்தரவு பண்ணுகிற தவறை விட இந்த மாதிரி மௌனமான தவறுதான் ஆபத்து.

மறக்கக் கூடாத இன்னொன்று, லோடர் ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் முன்பு ஏற்றியிருந்த ஃபைலின் மேலேயே எழுதிவிடும். பெட்ரோல் பங்க் பட்டியல் தனியாக ஏற்றி வைத்திருந்தால் அது காலி. எல்லாப் பட்டியல்களையும் கணினியில் ஒரே ஃபோல்டரில் போட்டு, ஒவ்வொரு முறையும் மொத்தமாக ஏற்றுவதுதான் நிம்மதி.

எத்தனை மீட்டருக்கு முன் எச்சரிக்க வேண்டும்? இதற்கு மீட்டரில் யோசிக்காமல் நொடியில் யோசியுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் நொடிக்கு 14 மீட்டர் போகிறோம். 110-இல் 30 மீட்டருக்கும் மேல். சத்தம் கேட்டு, கண் ஸ்பீடோமீட்டருக்குப் போய், பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தே வேகம் குறைய ஒரு பதினைந்து நொடி வேண்டும் என்பது என் கணக்கு. அதன்படி 50 வரம்புச் சாலையில் சுமார் 200 மீட்டர், 80-இல் 350, 110-இல் 450 முதல் 500 வரை. நகருக்குள் 500 வைத்தால் நாலு தெரு தள்ளியிருப்பதற்கெல்லாம் அடிக்கும். நெடுஞ்சாலையில் 200 வைத்தால் ஆறேழு நொடிதான் கிடைக்கும். பதறிப்போய் பிரேக் அடிப்பீர்கள், பின்னால் வருகிறவருக்கு உங்கள் சாதனம் சொன்னது கேட்டிருக்காது.

‘ஸ்பீடோமீட்டரில் 64 காட்டியது, வரம்பு 60, ஆனாலும் அடிக்கவில்லையே’ என்று ஒரு சந்தேகம் கட்டாயம் வரும். சாதனம் ஒப்பிடுவது ஜிபிஎஸ் வேகத்தை. காரின் ஸ்பீடோமீட்டர் வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டிக் காட்டும். பல நாடுகள் பின்பற்றும் ஐநா ஒழுங்குமுறை 39-இன்படி அது உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், பத்து சதவீதமும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் வரை. ஆக டயலில் 64 என்பது உண்மையில் 60-ஆக இருக்கலாம். நேர்ச் சாலையில் சீராகப் போகும்போது ஜிபிஎஸ் காட்டும் எண்ணே உண்மைக்கு நெருக்கம். அதற்காக டயலுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் இடையிலுள்ள அந்த நாலைந்து கிலோமீட்டரையும் தின்றுவிடலாம் என்று கிளம்பாதீர்கள்.

திசைப் பிரச்சினைக்கு முழுத் தீர்வு இல்லை. சந்தா கட்டி வாங்கும் பட்டியல்களில் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற தகவலும் இருக்கும். நாம் கையால் ஏற்றும் வெறும் புள்ளிக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. லோடரில் ‘நான் ஓட்டும் சாலையிலேயே உள்ள புள்ளிகள்’ என்ற தேர்வு கிடைத்தால் அதைப் போடுங்கள். பக்கத்துத் தெருக் கேமராக்கள் ஒழிந்துவிடும். எதிர்ப்புறத்துக்கும் மேம்பாலத்துக்கும் அது உதவாது. மேலே போகிறோமா கீழே போகிறோமா என்பது ஜிபிஎஸ்ஸுக்கு எப்போதுமே தகராறுதான். அப்படிப்பட்ட இடங்கள் நம் வழக்கமான பாதையில் இரண்டு மூன்றுதான் இருக்கும். பட்டியலில் தேடி அந்த வரிகளை நீக்கிவிடுவேன், தத்துவம் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

கேமராக்களில் ஒரு வகைக்கு மட்டும் இந்த அமைப்பு போதாது. நிலையான கேமரா ஒரு புள்ளியில் அளக்கும். இந்த வகையில் பேர்போன காட்ஸோ கேமராவை உருவாக்கிய மௌஸ் காட்ஸோனிடெஸ் ஒரு டச்சு ராலி கார்ப்பந்தய ஓட்டுநர், 1953 மான்டி கார்லோ ராலியில் ஜெயித்தவர். வளைவுகளில் தன் காரின் வேகத்தை அளந்து இன்னும் வேகமாக ஓட்டுவதற்காகத்தான் அவர் அளவுக் கருவி செய்யத் தொடங்கினார்! சராசரி வேகக் கேமரா அப்படி ஒரே புள்ளியில் அளப்பதில்லை. இரண்டு இடத்தில் நம்பர் பிளேட்டைப் படித்து, நடுவில் எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துக் கணக்குப் போடும். 6 கிலோமீட்டர் தூரம், வரம்பு 60 என்றால் கடக்க 6 நிமிடம் ஆக வேண்டும். முதல் 3 கிலோமீட்டரை 80-இல் போய்விட்டால் இரண்டேகால் நிமிடம் ஓடியிருக்கும். மீதி 3 கிலோமீட்டரை 48-இல் உருட்டினால்தான் கணக்கு நேராகும். சாதனம் முதல் கம்பத்தில் ஒரு முறை அடித்துவிட்டு மறந்துவிட்டால் இது நமக்குத் தெரியாது. கையால் ஏற்றும்போது தொடக்கத்துக்கும் முடிவுக்கும் மட்டுமல்லாமல், நடுவே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நடமாடும் கேமராக்களுக்கு, அதாவது வேனிலும் முக்காலியிலும் வருபவற்றுக்கு, பட்டியல் என்பதே பாதி ஊகம். அவற்றை நான் ஏற்றுவதே இல்லை. அது வேண்டுமென்றால் மற்ற ஓட்டுநர்கள் அவ்வப்போது தெரிவிக்கும் வேஸ் மாதிரியான போன் ஆப்தான் சரி.

கார்மினுக்குப் பதில் டாம்டாம் நிறுவனத்தின் சாதனம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஃபைல் வடிவம் ஓவி2. புதிய மாடல்களில் ஒலி, எச்சரிக்கை அமைப்புக்குள் ஒவ்வொரு கேமரா வகைக்கும் ‘எப்போதும்’, ‘வேகம் மீறினால் மட்டும்’, ‘வேண்டாம்’ என்று மூன்று தேர்வு வரும். நடுவில் உள்ளதைப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

எல்லாம் முடித்தும் சத்தம் வரவில்லையென்றால் ஒலியளவைப் பாருங்கள். வழி சொல்லும் குரலுக்கும் எச்சரிக்கைக்கும் சில சாதனங்களில் தனித்தனி அளவு. அப்புறம் சிக்னல். நாலைந்து நாள் நிறுத்திவைத்த சாதனம் ஒவ்வொரு செயற்கைக்கோளின் சுற்றுப்பாதைத் தகவலையும் புதிதாகப் பெற வேண்டும். செயற்கைக்கோள் அதை 30 நொடிக்கு ஒரு முறைதான் முழுதாக அனுப்புகிறது. நடுவில் கட்டடமும் மரமும் மறைத்தால் இன்னும் தாமதம். கிளம்பிய உடனே வரும் முதல் கேமராவை அது தவறவிடுவது பெரும்பாலும் இதனால்தான். வெயில் தடுக்க உலோகப் பூச்சு பூசிய முன் கண்ணாடியும் சிக்னலைத் தடுக்கும். அந்தக் கார்களில் உள்ளே பின்னால் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் பூச்சு இல்லாத ஒரு சின்னத் துண்டு விட்டிருப்பார்கள், சாதனத்தை அதற்கு நேராக மாட்டுங்கள்.

கடைசியாகச் சோதனை. உண்மைக் கேமராவை வைத்துச் சோதிக்க வேண்டாம், அதற்கு வரம்பை மீற வேண்டியிருக்கும். நீங்கள் அடிக்கடி போகும் அமைதியான நேர்ச் சாலையில் ஒரு புள்ளியைக் குறித்து, @20 என்று வரம்பு கொடுத்து, தனி ஃபைலாக வைத்து, மற்றப் பட்டியல்களோடு சேர்த்தே ஏற்றுங்கள். முப்பதில் போங்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, எந்த இடத்தில் அடித்தது, திரையில் எத்தனை மீட்டர் காட்டியது என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு எதிர்த்திசையிலிருந்து ஒரு முறை, பதினைந்தில் ஊர்ந்து ஒரு முறை. பதினைந்தில் அடிக்கக் கூடாது. அடித்தால் வேக வரம்பு ஏறவில்லை என்று அர்த்தம், பெயரில் உள்ள குறியைத் திரும்பப் பாருங்கள்.

பட்டியலை மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும். அப்போது அந்தச் சோதனைப் புள்ளியையும் நீக்கிவிடுங்கள். நான் மறந்துவிட்டேன், ஒரு காலிமனைச் சுவருக்கு எதிரில் என் கார் ஏன் தினமும் மணி அடிக்கிறது என்று உடன் வருகிறவர்கள் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.